பன்னீர் திராட்சையும் பிஸ்கோவும்



மேட்டுப்பாளையத்தில் நடந்த ஓர் உழவர் பயிற்சியில், பழப்பயிர்கள் பற்றிய பேச்சு முடிந்த பிறகு தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், பிராந்திப் புட்டி மேலே திராட்சைக் கொத்துப் படம் போட்டிருக்குதுங்களே, அதுக்குள்ளார எங்க தோட்டத்துத் திராட்சை போகுதுங்களா? போகுதுன்னா எங்களுக்கு விலை ஏன் ஏற மாட்டேங்குது?" என்று கேட்டார்.

அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. தமிழ்நாடு பிராந்தி மிகுதியாக விற்பனையாகும் மாநிலம். அதே மாநிலத்தில், அறுவடை ஒன்றாகக் குவியும் நாட்களில் பன்னீர் திராட்சையைப் பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் விற்கும் நிலையும் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. அன்று சுருக்கமாக விடை சொன்னேன். இங்கே விரிவாகச் சொல்கிறேன். அதற்குத் தென் அமெரிக்காவில் உள்ள ஒரு பானத்தின் கதை நமக்கு உதவும். அதன் பெயர் பிஸ்கோ.

மதுவைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு பழத்தை நம்பி வாழும் விவசாயிகள் அப்பழத்தின் மதிப்பை எவ்வாறு காத்துக்கொண்டார்கள் என்பதை அறிவதே நோக்கமாகும்.

புட்டிக்குள் இருப்பது என்ன?

பிராந்தி என்ற சொல்லுக்கு, திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தது என்பதே உலக வழக்கில் உள்ள பொருள். நம் நாட்டில் பெரும்பாலும் விற்கப்படுவது அதுவன்று. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகு அல்லது தானியத்திலிருந்து எடுக்கப்படும் மணமற்ற எரிசாராயமே அதன் அடிப்படை. நிறமும் மணமும் பின்னர் சேர்க்கப்படுகின்றன.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு மதுபானங்களுக்கான தர விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி "இந்தியன் பிராந்தி" எனப்படும் கலவையில் தூய திராட்சை பிராந்தி குறைந்தது 2 விழுக்காடு இருந்தால் போதும். எஞ்சிய 98 பங்கும் எரிசாராயமாக இருக்கலாம். ஒப்புநோக்கிப் பாருங்கள். நம் மகளிர் குழுக்கள் தயாரிக்கும் பழ ஸ்குவாஷில் கூட 25 விழுக்காடு பழச்சாறு இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: புட்டியின் மேல் உள்ள திராட்சைக்கும் புட்டிக்குள் உள்ள சரக்குக்கும் உறவு மிகக் குறைவு. எத்தனை பெட்டி பிராந்தி விற்றாலும் அதனால் திராட்சைத் தோட்டத்துக்கு வரும் கிராக்கி சொற்பமே.

பிஸ்கோ என்பது யாது?

பிஸ்கோ என்பது பெரு, சிலி ஆகிய இரு நாடுகளில் திராட்சையிலிருந்து மட்டுமே வடிக்கப்படும் பிராந்தி. பெரு நாட்டுப் பிஸ்கோ தண்ணீரைப் போலத் தெளிவாக, நிறமின்றி இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்த பின் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஓரிரு வாய் அளவு ஊற்றி, மணத்தை முகர்ந்து மெதுவாக அருந்துவது அங்குள்ள வழக்கங்களில் ஒன்று. எலுமிச்சைச் சாறும் முட்டையின் வெண்கருவும் கலந்து பருகுவதும் உண்டு.

பெரு நாட்டின் கடற்கரையில், தலைநகரான லீமாவுக்குத் தெற்கே பிஸ்கோ என்ற துறைமுக ஊர் இருக்கிறது. கெச்சுவா என்னும் பழங்குடி மொழியில் பறவை என்ற பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அத்துறைமுகம் வழியாகச் சரக்கு ஏற்றப்பட்டது. வடித்த சாராயத்தை ஊற்றி வைத்த, நம்மூர்த் தாழியைப் போன்ற நீண்ட மண் சாடிகளுக்கும் பிஸ்கோ என்ற பெயர் வழங்கியது. ஊர், சாடி, சரக்கு ஆகிய மூன்றுக்கும் ஒரே பெயர் நிலைத்தது இவ்வாறே.

அமெரிக்கக் கண்டத்தில் இவ்வகைத் திராட்சை இயற்கையாக விளைந்ததில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய ஸ்பானியர்கள் கொண்டுவந்து நட்ட கொடி அது. ஈக்கா என்ற ஊரில் 1613-ஆம் ஆண்டு ஒருவர் எழுதிவைத்த உயிலில், திராட்சைச் சாராயம் நிறைந்த மண்சாடிகளும் அதைக் காய்ச்சும் பெரிய செப்புக் கொப்பரையும் சொத்தாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு இத்தொழில் நடந்துவருவது தெளிவு.

மழையில்லா நாட்டில் திராட்சை

ஈக்கா வட்டாரம் ஒரு பாலைவனம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கிவரும் ஆறுகளின் நீரைக் கால்வாய்களில் திருப்பி அங்கு பயிர் செய்கிறார்கள். மண்ணில் ஈரத்தை எப்போது வைப்பது, எப்போது நிறுத்துவது என்பது விவசாயியின் கையில் இருக்கிறது. பழம் பழுக்கும் பருவத்தில் மழை இல்லை, வெயில் நிறைய உண்டு. ஆகவே பழத்தில் சர்க்கரை நன்றாக ஏறுகிறது.

நம் நிலை வேறு. கோவை வட்டாரத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிடைக்கிறது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் நீர்கோர்த்து வெடிக்கிறது. இனிப்புக் குறைகிறது. அழுகலும் பூசணமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் நமக்கு இன்னொரு வசதி உண்டு. பெருவில் ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான நாட்களில்தான் அறுவடை. நாமோ கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி, ஆண்டில் இரண்டு வெள்ளாமை எடுக்கலாம்.

காய்ச்சி வடிப்பது எப்படி நடக்கிறது?

திராட்சையைப் பிழிந்த சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வேலை செய்து சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. இதுவே புளிப்பேறிய திராட்சை மது. அதைக் காய்ச்சினால், தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் சாராயமும் மணப்பொருள்களும் முன்னதாக மேலெழுகின்றன. அந்த ஆவியைக் குளிர்வித்தால் வடிநீர் கிடைக்கிறது.

இது நமக்குப் புதிய தொழில் அன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கடைகளில் நீலகிரித் தைலம் விற்பதைக் காண்கிறீர்கள். யூகலிப்டஸ் இலையைப் பெரிய செப்புக் கொப்பரையில் இட்டு, நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் செலுத்தி எடுப்பதே அந்தத் தைலம். கல்யாண வீட்டு வாசலில் நாம் தெளிக்கும் பன்னீரும் ரோஜா இதழ்களை இவ்வாறே வடித்து எடுத்ததுதான். சித்த மருத்துவர்கள் இந்தக் கருவியை வாலை என்பார்கள். தத்துவம் ஒன்றே, உள்ளே இடும் பொருள்தான் வேறு.

ஆனால் பிஸ்கோ வடிப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் கடுமையானவை. பெரு நாட்டு விதிகளில் முக்கியமானவற்றைக் கீழே காண்க.

1. குறிப்பிட்ட 8 திராட்சை வகைகளிலிருந்து மட்டுமே வடிக்க வேண்டும். கெப்ராந்தா, நெக்ரா கிரியோயா, மோயார், உவினா ஆகிய நான்கும் மணம் குறைந்தவை. இத்தாலியா, மொஸ்கதேல், அல்பியா, தொரொந்தேல் ஆகிய நான்கும் மணம் மிகுந்தவை.

2. லீமா, ஈக்கா, அரெக்கிப்பா, மொக்கேகுவா, தாக்னா ஆகிய பகுதிகளில் வரையறுக்கப்பட்ட இடங்களில் விளைந்த திராட்சையாக இருக்க வேண்டும்.

3. வடித்த பின் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சாராயத்தின் அளவு 38 முதல் 48 விழுக்காட்டுக்குள் நிற்கும்போதே வடிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

4. குறைந்தது மூன்று மாதம் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு போன்ற, பண்டத்தின் சுவையை மாற்றாத கலத்தில் வைத்திருந்த பின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். மரப்பீப்பாயில் ஊறவைத்து நிறமேற்றுவதற்கும் இடமில்லை.

சிலி நாட்டில் விதிகள் சற்று மாறுபடும். அங்கு தண்ணீர் சேர்த்துச் சாராய அளவைக் குறைக்கலாம். மரப்பீப்பாயில் வைக்கலாம். அத்தகாமா, கொக்கிம்போ என்ற இரு பகுதிகளில் விளைந்த திராட்சையாக மட்டும் இருக்க வேண்டும்.

தண்ணீர் சேர்க்கக் கூடாது என்ற விதி ஏன் விவசாயிக்கு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். பாலில் தண்ணீர் கலக்க இடமிருந்தால், கறவை மாடு வைத்திருப்பவருக்கு மதிப்பு இருக்குமா? வடிப்பவர் தண்ணீரால் அளவைப் பெருக்க முடியாதபோது, கூடுதல் சரக்கு வேண்டுமானால் கூடுதல் திராட்சைதான் வாங்கியாக வேண்டும். விதியின் பயன் நேரே தோட்டத்துக்கு வந்து சேருகிறது.

ஒரு புட்டிக்கு எத்தனை கிலோ?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ திராட்சையைப் பிழிந்தால் காம்பு, தோல், விதை போக ஏறத்தாழ 65 லிட்டர் சாறு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். சாற்றில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 விழுக்காடு சாராயம் உண்டாகும். லிட்டருக்கு 170 கிராம் சர்க்கரை உள்ள சாறு 10 விழுக்காடு சாராயமுள்ள மதுவாகும். அதாவது 65 லிட்டரில் 6.5 லிட்டர் தூய சாராயம். இதை 42 விழுக்காடு வலுவில் வடித்தால் 15.5 லிட்டர், அல்லது 750 மில்லி அளவுள்ள 20 புட்டிகள். சேதாரம் எதுவும் இல்லையென்றாலும் ஒரு புட்டிக்கு 5 கிலோ திராட்சை தேவை. நடைமுறையில் முதல் வடியையும் கடை வடியையும் ஒதுக்கிவிடுவதால் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

இப்போது நம்மூர் "இந்தியன் பிராந்தி"யைப் பாருங்கள். 750 மில்லியில் 2 விழுக்காடு என்பது 15 மில்லி. அதே கணக்கில் அதற்கு வேண்டிய திராட்சை 100 கிராம். ஒரு கைப்பிடிப் பழம்! அங்கே 5 கிலோ, இங்கே 100 கிராம். பெரியவரின் கேள்விக்கு முழு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இக்கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. மழையில் நனைந்தோ, முற்றாமல் பறித்தோ சர்க்கரை 170 கிராமிலிருந்து 130 கிராமாகக் குறைந்துவிட்டால், ஒரு புட்டிக்கு 5 கிலோ போதாது, ஏறத்தாழ ஆறரை கிலோ வேண்டும். அதனால் இனிப்பை அளந்து வாங்குபவர் இனிப்புக் குறைந்த பழத்துக்குக் குறைந்த விலைதான் தருவார். பழச்சாறு ஆலைக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நம் பன்னீரின் உறவு

பிஸ்கோத் திராட்சைகளில் மணத்துக்குப் பேர்போனது இத்தாலியா. அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பழமையான வகைக்கு பெருவில் வழங்கும் பெயர் அது. நாம் பன்னீர் திராட்சை என்று அழைக்கும் வகைக்கு உலக வழக்கில் ஆம்பர்க் மஸ்கட் என்று பெயர். இதன் பெற்றோர் யார் என்பதை மரபணு ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. ஒன்று ஸ்கியாவா கிராசா என்னும் கறுப்புத் திராட்சை. மற்றொன்று அதே அலெக்சாந்திரியா மஸ்கட். ஆகவே ஈக்காப் பாலைவனத்துத் திராட்சையின் பிள்ளைதான் கம்பம் பள்ளத்தாக்கிலும் கோவை மேற்கு மலையடிவாரத்திலும் பந்தலில் தொங்குகிறது.

உறவு இத்துடன் நிற்கவில்லை. சிலி நாட்டு விதிகளில் பிஸ்கோ வடிக்கத் தகுந்தவை என்று 13 திராட்சை வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஆம்பர்க் மஸ்கட்டும் ஒன்று. நாம் தள்ளுவண்டியில் கூறுகட்டி விற்கும் பழம், அங்கே சட்டத்தில் பெயர் பெற்ற பழம்.

பன்னீர் என்ற பெயரை நம் முன்னோர் காரணத்தோடுதான் வைத்தார்கள். மஸ்கட் திராட்சைகளின் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் உள்ளன. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. லினலூல் கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமானது. மூக்கு சொன்னதை வேதியியல் பின்னர் உறுதிசெய்தது, அவ்வளவே. இந்த மணம் பழம் கொடியில் முற்றும்போதுதான் நிறைகிறது. அவசரப்பட்டுப் பறித்த பழத்தில் நிறம் இருக்கலாம், பன்னீர் மணம் இருக்காது.

பெயருக்காக ஒரு வழக்கு

1931-ஆம் ஆண்டிலேயே சிலி நாடு பிஸ்கோ என்ற பெயரைத் தன் இரு பகுதிகளுக்கு உரியதென்று சட்டம் செய்தது. 1936-இல் எல்கிப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கிராமத்தின் பெயரையே பிஸ்கோ எல்கி என்று மாற்றியது. 1938-இல் அதே பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகள் கேப்பல் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். நம் ஊர்ப் பால் சங்கத்தில் பால் ஊற்றுவது போல உறுப்பினர்கள் திராட்சையைக் கொண்டுவந்து சேர்க்க, சங்கமே வடித்து விற்கிறது. சிலியின் பெரிய பிஸ்கோ நிறுவனங்களுள் அது ஒன்று. பெரு நாடு 1990-ஆம் ஆண்டு தன் சட்டப்படி பிஸ்கோவுக்கு இடப்பெயர் உரிமை வழங்கியது. ஊரும் எங்களுடையது, பெயரும் எங்களுடையது என்பது பெருவின் வாதம். நாங்களும் தலைமுறை தலைமுறையாக இதே பெயரில் வடித்து வருகிறோம் என்பது சிலியின் வாதம்.

இவ்வழக்கு நம் சென்னைக்கு வந்தது என்றால் வியப்பாக இருக்கும். இந்தியாவில் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் அமைந்துள்ளது. பெரு நாட்டுத் தூதரகம் 2005-இல் அங்கு விண்ணப்பம் செய்தது. சிலி நாட்டு உற்பத்தியாளர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2009-இல் பதிவகம் "பெரு பிஸ்கோ" என்று நாட்டின் பெயரோடு சேர்த்தே பதியலாம் என்றது. பெரு மேல்முறையீடு செய்தது. 2018-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் "பிஸ்கோ" என்றே பெருவுக்குப் பதியுமாறு ஆணையிட்டது. சிலி நாட்டுச் சங்கம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. 2025 ஜூலையில் அம்மன்றத்தின் தனி நீதிபதி வாரியத்தின் ஆணையை நீக்கி, "பெரு பிஸ்கோ" என்ற பதிவே சரியென்று தீர்ப்பளித்தார். இரு நாட்டுச் சரக்கும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதால், வாங்குபவர் குழம்பாமல் இருக்க நாட்டின் பெயர் முன்னால் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே பிஸ்கோவின் விற்பனை மிகச் சிறிது. அப்படியிருந்தும் இரு நாடுகள் இருபது ஆண்டுகள் இங்கே வழக்காடின. பெயர் போனால் விலை போகும், விலை போனால் கொடி வைத்தவன் போவான் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நமக்கும் இச்சட்டம் உண்டு. ஈரோடு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் பெற்றது. குறியீடு கிடைத்தது செய்தித்தாளில் வந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்தி விற்க விரும்பும் விவசாயி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரையும் பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான கட்டணம் 2020-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

கோவை வட்டாரத் திராட்சைக்குக் கம்பத்தின் பெயரைச் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. அதுவே சட்டம், அதுவே நியாயம். நம் பழத்துக்கு நம் ஊர்ப் பெயரில் நற்பெயர் தேடுவதே நாம் செய்ய வேண்டியது.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, விலை போகாத பழத்தை வீட்டில் காய்ச்சிப் பார்ப்போம் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். 2024-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச் சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்யப்பட்டது.

சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பழத்தோலிலிருந்தும் புளிக்கும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாகும். உரிமம் பெற்ற ஆலையில் ஆய்வகத்தில் அளந்து பார்த்த பின்னரே சரக்கு வெளியே செல்லும். வீட்டில் அதை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ கண்டறிய வழியில்லை.

நாம் செய்யக் கூடியவை

வடிக்காமலே பிஸ்கோ விவசாயிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை பல.

1. கவாத்துக் காலம்: கோடை வெள்ளாமைக்கு டிசம்பர், ஜனவரியில் கவாத்துச் செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை வரும். மற்றொரு வெள்ளாமைக்கு மே, ஜூனில் கவாத்துச் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம் வரும். கவாத்தைத் தள்ளிப்போட்டு அக்டோபர் மழையில் பழத்தை மாட்டிவிடாதீர்கள். ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் கவாத்துச் செய்தால் எல்லாருடைய பழமும் ஒரே வாரத்தில் சந்தையில் குவியும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வது நல்லது.

2. இனிப்பை அளத்தல்: திராட்சை வாழையைப் போன்றதன்று. பறித்த பின் அதில் இனிப்பு ஏறாது. நிறம் வந்துவிட்டது என்று பறிப்பது பெரும் பிழை. பன்னீர் திராட்சையில் ஒரே கொத்தில் சில பழம் கறுத்தும் சில பழம் பச்சையாகவும் நிற்பது உண்டு. கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் ஒன்றை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். பந்தலின் நாலாபுறமும், கொத்தின் நுனியிலும் நடுவிலும் பழம் எடுத்துச் சாற்றைக் கலந்து பாருங்கள். அளவை நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

3. நீர் நிர்வாகம்: பறிப்பதற்கு முந்தைய நாட்களில் பாய்ச்சலைக் குறைப்பது இனிப்பைக் கூட்டும். எடை கூடட்டும் என்று பறிக்கும் முன் தண்ணீர் விட்டால் எடை கூடும், ஆனால் இனிப்பும் மணமும் குறையும், பழமும் சீக்கிரம் உதிரும்.

4. கலப்படமின்மை: வேறு வகையைப் பன்னீரோடு கலந்து பெட்டி கட்டாதீர்கள். வாங்குபவர் ஒருமுறை ஏமாந்தால் உங்கள் ஊர்ப் பெயரையே தவிர்ப்பார்.

5. பதப்படுத்துதல்: பன்னீரில் விதை இருப்பதால் உலர் திராட்சைக்கு அது உகந்ததன்று. பழரசம், ஸ்குவாஷ், ஜாம் ஆகியவற்றுக்கு மிகவும் உகந்தது, மணமே அதன் மூலதனம். ஸ்குவாஷில் பழச்சாறு 25 விழுக்காடும் கரைந்துள்ள திடப்பொருள் 40 விழுக்காடும் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு தொடங்கலாம். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பின் தொழில்நுட்பம் கற்பிக்கும் துறை உள்ளது. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சாகுபடி ஐயங்களை அங்கு கேட்கலாம்.

6. ஒன்றுசேர்தல்: எல்கிப் பள்ளத்தாக்கு விவசாயி தனியாக நின்றிருந்தால் வடிசாலைக்காரர் சொன்ன விலைக்குத்தான் விற்றிருப்பார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் பிரிக்ஸ் மீட்டர், குளிர்பதன அறை, பழச்சாறு எந்திரம் எல்லாம் எட்டும் விலைக்கு வரும்.

மேலே சொன்ன நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நாளை நம் வட்டாரத் திராட்சைக்குக் குறியீடு கேட்டு விண்ணப்பிக்க நேர்ந்தால், இப்பழம் இவ்வூரில் இவ்வளவு காலமாக, இந்தத் தரத்தில் விளைகிறது என்று சான்று காட்ட வேண்டும். ஈக்காவில் 1613-இல் எழுதப்பட்ட உயில் இன்று பெருவுக்குச் சான்றாக நிற்கிறது. எழுதியவர் அதை எண்ணி எழுதவில்லை, தம் கொப்பரை யாருக்குச் சேர வேண்டும் என்றுதான் எழுதினார். எழுதி வைத்தது மட்டுமே பின்னாளில் பேசும்.

அன்று பயிற்சி முடிந்ததும் அப்பெரியவர் மறுபடி என்னிடம் வந்தார். "அப்போ புட்டி மேலே இருக்கிற படம் எங்களுது இல்லீங்க. எங்க பெட்டி மேலே எங்க ஊர்ப் பேரையாவது நாங்க போட்டுக்கிறோம்" என்றார். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அடுத்த அறுவடையில் உங்கள் பெட்டியின் மேல் ஊர்ப் பெயரையும், வகையின் பெயரையும், பறித்த தேதியையும், இனிப்பின் அளவையும் எழுதி அனுப்புங்கள். அந்த நாலு வரி உண்மையாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் உங்கள் ஊர்ப் பெட்டியைக் கேட்டு வாங்கும் நாள் அப்படித்தான் வரும்.